பழி மட்டும் பேஸ்ட்டுக்கு

“பேஸ்ட் மாத்துனேன்ணா, முன்னாடிய விட இப்பதான் ஜாஸ்தி சூடாகுது.”

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் எங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மாடிப்படி ஏறி வருகிறவர்களில் பலர் இந்த வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். கன்னடக்காரர் என்றால் “பேஸ்ட் ஹாக்தே சார், இன்னூ ஹீட் ஆக்தா இதே” என்பார். பிராசசருக்கும் அதன் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தடவுகிற தெர்மல் பேஸ்ட்டைத்தான் சொல்கிறார்கள். காசு செலவழித்து, வீடியோ பார்த்து, பொறுமையாக ஸ்க்ரூ கழற்றி மாட்டியவர்கள். மிச்சமிருக்கும் சிரிஞ்சையும் சாட்சிக்குக் கொண்டுவந்து நீட்டுவார்கள். “இது டூப்ளிகேட்டா, கொஞ்சம் பாருங்க.” பெரும்பாலும் நல்ல பேஸ்ட்டாகத்தான் இருக்கும்.

நான் கோலார் தங்கவயல்காரன். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளின் நடுவில், விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் வந்து ராத்திரி வீடு திரும்புகிற கூட்டத்தில் நானும் சேர்ந்தேன். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ரயிலில் கால் வைக்க இடமில்லாமல் போனது. கம்ப்யூட்டருக்கு வருமுன் ஊரில் மைக்செட் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். 2என்3055 என்று ஒரு டிரான்சிஸ்டர், கெட்டியான இரும்புத் தொப்பி போட்டது. அதன் அடியில் மெல்லிய மைக்கா தகடு வைத்து, இரண்டு பக்கமும் வெள்ளைக் காம்பவுண்டு தடவி ஹீட்சிங்க்கில் முடுக்க வேண்டும். கடை முதலாளி இரண்டே விஷயம் சொல்லிக்கொடுத்தார். காம்பவுண்டு வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம். இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு, ஒன்றை முழுசாக முடுக்கிவிட்டு இன்னொன்றுக்குப் போகாதே. அதற்குப் பிறகு பிராசசரைப் பற்றி நான் கற்றதெல்லாம் இந்த இரண்டின் விரிவுரைதான்.

எஸ்.பி. ரோட்டுக்கு வந்த புதிதில் பேஸ்ட் பற்றிய பேச்சே கிடையாது. அன்றைய பென்டியம் பத்து வாட்டை ஒட்டித்தான் தின்னும். சின்ன அலுமினியக் கட்டி, அதன்மேல் தீப்பெட்டி அகலத்தில் ஒரு ஃபேன், அவ்வளவுதான். அடியில் ஒன்றும் தடவாமலே வருடக்கணக்கில் ஓடிய மிஷின்களைப் பார்த்திருக்கிறேன். 2004-இல் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4 நூறு வாட்டைத் தொட்டது. 2023-இல் வந்த கோர் ஐ9 14900கே, முழு மூச்சில் ஓடும்போது 253 வாட் வரை போகலாம் என்று இன்டெல் தாளிலேயே போட்டிருக்கிறது. அந்தப் பத்து வாட் காலத்து அலட்சியத்துக்கு இன்றைக்கு இடமில்லை.

அத்லான் காலத்தை மட்டும் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 2000, 2001-இல் ஏ.எம்.டி.யின் தண்டர்பேர்டு அத்லானுக்கு மேல்மூடி கிடையாது. சிலிக்கான் சில்லு நடுவில் திறந்தே உட்கார்ந்திருக்கும், நாலு மூலையிலும் ரப்பர் பொட்டு. ஹீட்சிங்க் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தித்தான் கொக்கியில் மாட்டவேண்டும். ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் சில்லின் மூலை உடையும், கை வழுக்கினால் போர்டில் கோடு கிழியும். சூடு மிஞ்சினால் தானே நின்றுகொள்ளும் புத்தியும் அந்தச் சில்லுக்குக் கிடையாது. ஹீட்சிங்க் சரியாக உட்காராமல் பவர் போட்டால் சில நொடிகளில் கருகிவிடும். பென்டியம் 4 அப்படியில்லை, சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைக்கும். அன்றைக்கு அதை மெச்சினோம். ஆனால் அங்கிருந்துதான் இன்னொரு தலைவலி ஆரம்பித்தது: தப்பாக மாட்டினாலும் மிஷின் ஓடும். மாட்டினவருக்குத் தப்பு தெரியாது. ஆறு மாதம் கழித்து “ஸ்லோவா இருக்கு” என்று வரும்.

கடைப் பையன்களிடம் நான் அடிக்கடி சொல்கிற கணக்கு ஒன்று உண்டு. தாமிரம் சூட்டைக் கடத்தும் திறன் 400 என்றால், நல்ல பேஸ்ட்டுக்கு அதே அளவுகோலில் 5, 8 என்றுதான் வரும். காற்றுக்கோ 0.026. ஆகவே காற்றோடு ஒப்பிட்டால் பேஸ்ட் ராஜா, தாமிரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. பளபளவென்று தெரியும் இரண்டு உலோகப் பரப்பும் உண்மையில் மேடு பள்ளம்தான். பள்ளத்தில் நிற்கும் காற்றைத் துரத்துவதோடு பேஸ்ட்டின் வேலை முடிந்தது. அது எவ்வளவு மெலிசாகிறதோ அவ்வளவு நல்லது. மெலிசாக்குவது நம் விரல் இல்லை, ஹீட்சிங்க்கின் அழுத்தம். பட்டாணி அளவா, பெருக்கல் குறியா, கோடா என்று பையன்கள் மணிக்கணக்கில் வாதம் செய்வார்கள். அழுத்தம் சரியாக இருந்தால் அதில் ஓரிரண்டு டிகிரிதான் வித்தியாசம். அழுத்தம் கோணினால் முப்பது டிகிரி போகும்.

அதனால் “பேஸ்ட் மாத்தியும் சூடு” என்று வருகிற மிஷினை நான் உடனே திறப்பதில்லை. கொண்டுவந்தவரையே என் எதிரில் ஓட்டிக் காட்டச் சொல்லி, சூடு எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று பார்க்கிறேன். சூட்டைக் காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோவைத் திறந்துவைத்து, பிராசசருக்கு முழுவேலை கொடுக்கும் சினிபெஞ்ச் போட்டால் போதும். சும்மா இருக்கும்போது 45. ஓடத் தொடங்கியதும் ஒரு நொடி, இரண்டு நொடியில் 95-க்குத் தாவுகிறது. நிறுத்தினதும் அதே வேகத்தில் 55-க்கு விழுகிறது. அந்த நேரத்தில் ஹீட்சிங்க்கைத் தொட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். பிராசசரின் சூடு மேலே வந்து சேரவேயில்லை என்று அர்த்தம். இது மாட்டினதில் உள்ள கோளாறு. இன்னொரு மிஷின் 60, 68, 75 என்று நிதானமாக ஏறி நாலைந்து நிமிஷத்தில் 92-க்கு வரும். நிறுத்தினாலும் இறங்க வெகுநேரம் பிடிக்கும், ஹீட்சிங்க்கில் கை வைக்க முடியாது. அங்கே பேஸ்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. வந்த சூடு வெளியே போகத்தான் வழியில்லை. அதற்குப் போய் மறுபடி பேஸ்ட் மாற்றுவது வீண்.

மூன்றாவதாக ஒரு அடையாளம் உண்டு. ஒரே வேலையில் ஒரு கோர் 96, பக்கத்துக் கோர் 78 என்று நின்றால் ஹீட்சிங்க் ஒருபக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஐந்தாறு டிகிரி வித்தியாசம் சகஜம். இப்போதைய இன்டெல்லில் பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு ஜாதி இருப்பதால் பெரியதைப் பெரியதோடுதான் ஒப்பிடவேண்டும்.

முதல் வகைக்கு நான் பார்த்ததில் மறக்க முடியாதது ஒரு பிரவுசிங் சென்டர். தொம்மலூர் பக்கம், இன்டெல்லின் எல்.ஜி.ஏ. 775 சாக்கெட் காலம். கோடை விடுமுறைக்கு முன் எல்லா மிஷினுக்கும் சர்வீஸ் செய்கிறேன் என்று கடைக்காரரின் மச்சான் ஹீட்சிங்க்கை எல்லாம் கழற்றி, தூசி தட்டி, புதுப் பேஸ்ட் தடவி மாட்டியிருந்தார். மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாக நின்று நின்று ஓடத் தொடங்கியது. கடைக்காரர் பேஸ்ட் விற்ற சேட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு கேபினெட்டிலிருந்து போர்டைக் கழற்றித் திருப்பிப் பிடித்தேன். அந்த ஹீட்சிங்க்குக்கு நாலு கால். ஒவ்வொரு காலும் பிளவுபட்ட வெள்ளை நைலான், அதற்குள் ஒரு கறுப்பு ஊசி. வெள்ளைக் கால் போர்டின் ஓட்டையைத் தாண்டிப் பின்பக்கம் வந்த பிறகு, கறுப்பு ஊசி உள்ளே இறங்கி அதை விரித்துப் பிடிக்கவேண்டும். நான் பார்த்த போர்டில் இரண்டு கால் விரிந்திருந்தது. மூன்றாவது, ஓட்டைக்குள் வந்தும் விரியவில்லை. நாலாவதன் நைலான் மடங்கி, போர்டின் மேலேயே நசுங்கிக் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் நாலும் ஒரே மாதிரி கச்சிதமாகத் தெரியும்.

அந்த ஊசியின் தலையில் அம்புக்குறி ஒன்று போட்டிருப்பார்கள். அது கழற்றும்போது திருப்பவேண்டிய திசை. திரும்ப மாட்டுமுன் தலையைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலையாக அழுத்தவேண்டும். ‘டக்’ என்று கேட்கும். அம்பைப் பார்த்து மாட்டும் வழி என்று நினைத்துத் திருப்பி அழுத்தியவர்கள் எத்தனையோ பேர். போர்டைக் கேபினெட்டுக்குள் வைத்தபடியே அழுத்தினால் போர்டு வளையும், கால் இறங்காது. அன்று அந்தச் சென்டரில் பேஸ்ட்டை நான் தொடவேயில்லை, கால்களைத்தான் சரிசெய்தேன். கடைக்காரருக்கு அது அவ்வளவு திருப்தியாக இல்லை. “அவ்ளோதானா?” என்றார்.

ஹீட்சிங்க்கின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுகிறவர்களும் குறையவில்லை. ‘மாட்டும் முன் உரிக்கவும்’ என்று அதிலேயே அச்சடித்திருக்கும். அந்த எழுத்து பேஸ்ட்டின்மேல் தலைகீழாகப் பதிந்திருப்பதைக் கண்டால் சிரிப்பு வரும், வாடிக்கையாளர் எதிரில் சிரிக்கக் கூடாது.

ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டில் தொல்லை வேறு மாதிரி. பழைய பேஸ்ட் இறுகிப்போய், கூலரைத் தூக்கினால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே வரும், பின்கள் மடங்கும். கழற்றுமுன் பத்து நிமிஷம் மிஷினை ஓட்டிச் சூடாக்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகி எடுத்தால் வராது. 2021 கடைசியில் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறையில் சாக்கெட்டின் கொக்கியே பிராசசர் மூடியை நடுவில் லேசாக வளைக்கிறது. அதற்கென்று தனிச் சட்டம் விற்கிறார்கள். ஐந்து டிகிரிக்காக அலைகிறவர்கள் வாங்கட்டும். எல்லோருக்கும் அது தேவையில்லை.

லேப்டாப் என்று வந்தால் கதை நீளும். இங்கே மூடியில்லாத சில்லு திரும்ப வந்துவிட்டது, அத்லான் மாதிரியே. ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில்தான் முடுக்கவேண்டும், கழற்றும்போது தலைகீழாக. யாரும் பார்ப்பதில்லை.

சில வருஷம் முன்னால் பெல்லந்தூரிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். சிப் வடிவமைக்கிற ஒரு கம்பெனியில் வேலை. பெங்களூரில் அது அதிசயமில்லை. 2008-இல் இன்டெல் வெளியிட்ட ஆறு கோர் சியான் 7400 சர்வர் சிப்பை வடிவமைத்ததே இந்த ஊரில் இருந்த அணிதான். ஏ.எம்.டி.யும் 2023-இல் இங்கேதான் தன்னுடைய ஆகப்பெரிய வடிவமைப்பு மையத்தைத் திறந்தது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து சிப் வடிவமைக்கிற ஒருவர், தன் கேமிங் லேப்டாப்போடு எங்கள் மாடிப்படி ஏறினார். விலையுயர்ந்த பேஸ்ட் வாங்கி, தானே மாற்றி, கூடவே “பேடும் பழசாயிடுச்சு” என்று கிராஃபிக்ஸ் மெமரி மேலும், பவர் சர்க்யூட் மேலும் இருந்த சாம்பல் நிறத் தெர்மல் பேடுகளையும் மாற்றியிருந்தார். முன்பு 88-இல் நின்ற பிராசசர், இப்போது தொட்டவுடனே 100. மூன்று தடவை பேஸ்ட் மாற்றிப் பார்த்தாராம்.

“தம்பி, பேட் எத்தனை மில்லிமீட்டர்னு பாத்தீங்களா?” என்று கேட்கவேண்டிய ஆள் நான்தான், ஆனால் கேட்கவில்லை. அவரையே ஹீட்சிங்க்கைக் கழற்றச் சொன்னேன். பேஸ்ட்டின் தடத்தைக் காட்டினேன். சரியாக அழுந்தியிருந்தால் சில்லின் மேல் பேஸ்ட் கண்ணாடி மாதிரி மெலிந்து, அடியில் சில்லே நிழலாகத் தெரியும். உபரி எல்லாம் ஓரத்தில் வழிந்து நிற்கும். இவருடையதில் வைத்த பொட்டு வைத்தபடி, லேசாகப் பரந்து, கெட்டியாக இருந்தது. ஒரு ஓரத்தில் ஹீட்சிங்க் பட்ட தடமே இல்லை. புது பேடை எடுத்துக் காலிப்பரில் வைத்தார்: 1.5. குப்பைக் கவரில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்த பழைய பேடின் அழுந்தாத ஓரம் 1. அந்த அரை மில்லிமீட்டர்தான் ஹீட்சிங்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நல்ல பேஸ்ட்டாலும் அந்த இடைவெளியை அடைக்க முடியாது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஆபீஸ்ல மைக்ரான் கணக்குல சண்டை போடறோம்ணே” என்றார். சரியான பேட் எங்களிடமே இருந்தது, அரை மணியில் 84-க்கு வந்து நின்றது.

அதனால்தான் கழற்றியதும் துடைக்கக் கூடாது என்று பையன்களிடம் சொல்வேன். துடைக்கிற ஐ.பி.ஏ. (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) பாட்டிலைத் திறக்குமுன் அந்தத் தடத்தை ஒரு போட்டோ எடுங்கள். என்ன தப்பு நடந்தது என்று அதில் எழுதியே இருக்கும்.

லேப்டாப்பில் இன்னொரு ரகம், மாற்றிய அன்றைக்கு 80 காட்டும். எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று மாதத்தில் 95. மூடியில்லாத சில்லு சூடாகி ஆறும்போதெல்லாம் விரிந்து சுருங்கி, தண்ணியான பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளிவிடும். டெஸ்க்டாப்பில் பல வருஷம் தாங்குகிற பேஸ்ட் இங்கே தாங்காது. கெட்டியான பேஸ்ட் வேண்டும், அல்லது ஹனிவெல் கொண்டுவந்த பி.டி.எம். 7950 மாதிரியான தாள். அந்தத் தாள் 45 டிகிரிக்கு மேல் இளகிப் பரவும். முதல் நாளே பார்த்துவிட்டுக் குறை சொல்லக்கூடாது, சிலமுறை சூடாகி ஆறினால்தான் படியும். இரண்டு பக்கமும் உரிக்கவேண்டிய ஃபிலிம் இருக்கும். கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்தால் சுலபமாக உரியும். ஒரு பக்கத்தை மட்டும் உரித்துவிட்டு மாட்டி வந்தவர்களும் உண்டு.

2020-க்குப் பிறகு சில கேமிங் லேப்டாப்புகள் கம்பெனியிலிருந்தே லிக்விட் மெட்டலோடு வருகின்றன. விவரம் தெரியாமல் வெள்ளி மாதிரி மினுங்குவதைத் துடைத்தெடுத்துவிட்டுச் சாதாரணப் பேஸ்ட் தடவினால் சூடு ஏறாமல் என்ன செய்யும்? அந்த மினுங்கல் காலியம் கலந்தது. மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். தெரியாதவர் கைவைக்கவே வேண்டாம்.

மெதுவாக ஏறுகிற ரகத்துக்கு வருகிறேன். சிக்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடை ஒன்று. டிசைன் செய்கிற மிஷின் மதியத்துக்கு மேல் நின்றுவிடும். தெரிந்த பையன் பேஸ்ட் மாற்றி, ஃபேனை பிரஷ்ஷால் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தான். சினிபெஞ்ச் போட்டேன், நிதானமாக ஏறியது. ஃபேனுடைய நாலு ஸ்க்ரூவையும் கழற்றித் தூக்கினேன். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில், காகிதத் தூசியும் ஊதுபத்திப் புகைப் பிசுக்கும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு பாய். நகத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வந்தது. ஃபேன் சுற்றுவது வெளியிலிருந்து தெரியும். காற்று தகடுக்குள் போகிறதா என்பது தெரியாது.

அப்பா வேலை பார்த்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். “காத்து உள்ள போறது பெரிசில்லடா, சூடு வெளிய போற வழி தெறந்திருக்கணும்” என்று அப்பா சொல்வார். கேபினெட்டை மேஜை அறைக்குள் தள்ளி வைத்துவிட்டு, முன்பக்கம் கண்ணாடி போட்டு, கலர் விளக்கு எரியவிட்டு, “பேஸ்ட் சரியில்ல” என்று வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பத்து டிகிரி இறங்கினால் குற்றம் கேபினெட்டுடையது. இதற்குக் காசே செலவில்லை.

தண்ணீர் கூலரில் அடையாளம் இன்னும் சுலபம். பம்ப் செத்திருந்தால் இரண்டு குழாயில் ஒன்று சுடும், மற்றது ஜில்லென்று இருக்கும், ரேடியேட்டர் பச்சைத் தண்ணி. பேஸ்ட் மாற்றும்போது பம்ப் ஒயரைப் பிடுங்கி, திரும்ப மாட்டும்போது வேறு ஃபேன் இணைப்பில் செருகிவிடுவார்கள். போர்டு அதை ஃபேன் என்று நினைத்து வேகத்தைக் குறைத்து ஓட்டும்.

உண்மையில் ஒரு கோளாறும் இல்லாமல் வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். பிராசசரைக் கழற்றி மாட்டினால் பல போர்டுகள் புதிய பிராசசர் என்று எண்ணி பயாஸ் செட்டிங்கைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடும். முன்பு யாரோ குறைத்து வைத்திருந்த வோல்டேஜ், பவர் எல்லை, ஃபேன் வேகம் எல்லாம் போய்விடும். விலையுயர்ந்த போர்டுகள் சில, பவர் எல்லையே வைக்காமல் பிராசசரை ஓடவிடும். முந்தாநாள் 125 வாட்டில் ஓடியது இன்று 240 வாட்டில் ஓடினால் சூடு ஏறத்தான் செய்யும். பேஸ்ட் என்ன செய்யும்?

ரைசன் 7000 வரிசை 2022-இல் வந்தபோது, முழுவேலையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று ஓடும்படிதான் செய்திருக்கிறோம் என்று ஏ.எம்.டி.யே சொன்னது. லேப்டாப்புகள் பலவும் அப்படித்தான். சூட்டில் இடம் கிடைத்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். ஒரு வீடியோ எடிட்டர் கோபத்தோடு வந்தார், “பேஸ்ட் மாத்தியும் அதே 95.” பழைய ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது. முன்பு 95-இல் 2.9 கிகாஹெர்ட்ஸ், இப்போது 95-இல் 3.6. அவருக்குச் சூடு குறையவில்லை, வேலை சீக்கிரம் முடிந்துகொண்டிருந்தது. டிகிரியை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

அப்புறம் இந்த ஊர் வெயில். பெங்களூரில் ஃபேனே வேண்டாம் என்று பெருமை பேசிய காலம் போய்விட்டது. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி அடித்தது. ஜனவரியில் 22 டிகிரி அறையில் 78 காட்டிய மிஷின், ஏப்ரலில் 34 டிகிரி அறையில் 90 காட்டினால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று அந்த மாதத்தில் வருகிறவர்களில் பலரைத் திருப்பி அனுப்புகிறேன். கடையில் இருப்பவர்களுக்கு அது பிடிக்காது. இன்னொன்றும் உண்டு: நாம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறோம், காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஒரு எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிப்போகும் காற்று கொஞ்சம் குறைச்சல். சென்னையிலுள்ள தம்பியின் மிஷினோடு டிகிரிக்கு டிகிரி ஒப்பிட்டு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதையும் சொல்லிவைப்பேன்.

2020 ஊரடங்கில் கடை திறக்க முடியாமல், போனிலேயே வைத்தியம் பார்த்தேன். மெத்தைமேல் லேப்டாப், அடியில் காற்று போகிற ஓட்டை முழுக்க அடைபட்டிருக்கும். “கீழ ஒரு தட்டு வைங்க” என்று சொல்லியே பாதி கேஸ் முடிந்தது.

இப்போது எல்லோரும் தாங்களே திறக்கிறார்கள். அது எனக்குப் பிடித்தே இருக்கிறது, தொழில் கெட்டது என்று நான் புலம்புவதில்லை. ஒன்றைத்தான் கேட்டுக்கொள்வேன். ஸ்க்ரூவில் கை வைக்குமுன் பத்து நிமிஷம் முழுவேலையில் ஓட்டி, அறையின் சூடு, பிராசசரின் சூடு, எத்தனை வாட், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று நாலையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். பயாஸ் செட்டிங்கைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்த பிறகு அதே அறையில், அதே வேலையில் அந்த நாலையும் மறுபடி எடுங்கள். சரிவரவில்லை என்று எங்களிடம் வந்தாலும் சிரிஞ்சை வீட்டில் வைத்துவிட்டு, அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள்.